ஆறாம் நாள் எங்கே போவது? சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையில் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். இதை மனுவாகத்தான் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தும் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் எண் போட்ட ஒரு சீட்டு கிடைத்தது, கொஞ்ச நாள் கழித்து உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று போனில் மெசேஜ் வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேட்க வந்தது ஒரே கேள்விதான். அடி தாங்க முடியாமல் வீட்டைவிட்டு வந்த பெண் ஆறாம் நாள் எங்கே போவது?

அதென்ன ஆறாம் நாள் என்றால், முதல் ஐந்து நாளுக்கு நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள். 181க்கு போன் செய்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்கிறார்கள், சகி மையம் என்றும் அதற்குப் பெயர். 2015இல் மத்திய அரசு, பெண்கள் பாதுகாப்புக்கென்று இருக்கும் நிர்பயா நிதியிலிருந்து தொடங்கிய திட்டம். ஆஸ்பத்திரிக்கு ஒரு இடம், போலீசுக்கு ஒரு இடம், வக்கீலுக்கு ஒரு இடம் என்று அடிபட்டவளை அலையவிடாமல், கவுன்சலிங்கும் தங்குவதற்குக் கட்டிலும் சேர்த்து ஒரே இடத்தில் கொடுப்பது அதன் நோக்கம். நல்ல யோசனை, நக்கலாகச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருத்தி பிள்ளைகளோடு வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு டீ கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த டீயைக் குடித்தவளுக்குத்தான் தெரியும். ஆனால் விதிப்படி அங்கே அதிகபட்சம் 5 நாள்தான் தங்கலாம்.

இன்னொரு பக்கம், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. அதை வாங்க 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்ததற்கு கோர்ட் காகிதம் வேண்டும், அது இல்லாவிட்டால் குறைந்தது 5 வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அது எங்கள் துறையில் வராது, தாலுகா ஆபீஸில் தனி தாசில்தாரைப் பாருங்கள் என்பீர்கள். தெரியும், பார்த்தேன். 24 வயதில் கை உடைந்து வந்து நிற்கிற பெண்ணிடம் அவர் அந்த விதியைத்தான் படித்துக் காட்ட முடியும். அதுவும் கைவிடப்பட்டவள் என்றால்தான் கணக்கில் வருகிறாள். அவன் விடவில்லை, அவளாகத்தான் விட்டுவிட்டு வந்தாள் என்றால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அந்த ஆபீஸ் கிளார்க்குக்கே குழப்பம். இதற்கு ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது, வாழாவெட்டி என்று. ஊரின் வார்த்தையைவிட ஃபார்மில் இருக்கும் வார்த்தை கொஞ்சம் மரியாதையானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக முதல் உதவி 5 நாளில் முடிகிறது, அடுத்த உதவி 5 வருடம் கழித்து ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கும் 1,820 நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் முதல் முறை வெளியே வந்தது 2019 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம். எந்த ஊர், எந்த மையம் என்பதெல்லாம் வேண்டாம், என்னைப் பார்த்துக்கொண்ட பெண்கள் நல்லவர்கள், அவர்களுக்கு என்னால் தொந்தரவு வரக் கூடாது. பையனுக்கு அப்போது 10 வயது, பெண்ணுக்கு 6. பையன்கள் 8 வயது வரைக்கும்தான் அம்மாவோடு தங்கலாம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. முதல் ராத்திரி கண்டுகொள்ளாமல் விட்டார்கள். மறுநாள் காலையில் அங்கிருந்த அக்கா ஒருவர் ரொம்பத் தயங்கி, இவனை மட்டும் கொஞ்ச நாள் ஹோமில் விட்டுவைக்கலாமா என்று கேட்டார். பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அப்பாவிடமிருந்து அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவனே அவன்தான். அவனை ஹோமில் விடுவதா?

இப்போது அந்த வயதை 12 ஆக்கியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் 13 வயதுப் பையன் இருக்கிற அம்மா யாரும் அடி வாங்குவதில்லையா என்ன?

ஐந்து நாளுக்கு அப்புறம் இல்லம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். முன்பு ஸ்வாதார் இல்லம் என்று இருந்தது, 2022க்குப் பிறகு சக்தி சதன் என்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் இடம் காலியாக இருந்தது இரண்டு மாவட்டம் தள்ளி. பிள்ளைகளின் ஸ்கூல் இங்கே, நான் பில் போடுகிற கடை வேலை இங்கே, கோர்ட் வாய்தாவும் இங்கேதான். அங்கே போனால் வேலை போகும், வேலை போனால் என்றைக்குமே இல்லத்தைவிட்டு வெளியே வர முடியாது. இல்லத்தில் இருந்து வந்த தோழிகள் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் இருந்த இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் பூட்டுவார்களாம், போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், கடைக்குப் போக லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பாதுகாப்புக்காகத்தான், புரிகிறது. அடித்தவன் வெளியே பைக்கில் சுற்றிக்கொண்டிருக்க, அடி வாங்கியவள் வார்டனிடம் லீவ் லெட்டர் எழுதுகிறாள் என்பதும் புரிகிறது.

சரி, நான் என்ன செய்தேன்? சித்தி மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் நாள் காலையில் டிபன் சாப்பிடாமல் ஆபீஸ் கிளம்பினார். பிறந்த வீட்டில் தம்பிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அம்மா போனில் அழுதாள், வா என்று மட்டும் சொல்லவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். நான் திரும்பிப் போனேன்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "இருவரும் சமாதானமாகி சேர்ந்து வாழச் சம்மதித்துச் சென்றனர்." ஐயா, அம்மா, நான் சமாதானம் ஆகவில்லை. எனக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காசில்லை. தமிழ்நாட்டில் சேர்த்துவைத்த குடும்பங்கள் என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கில் என்னை மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது யாராவது போய்க் கேட்டிருக்கிறீர்களா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள் எட்டு மாதம். வெளியே போனவருக்கு டாஸ்மாக் திறந்தது, எனக்கு எதுவும் திறக்கவில்லை. நவம்பரில் இரண்டாவது முறை வந்தேன், இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. காரணம் தைரியம் இல்லை. கூட வேலை பார்த்த ஒரு அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்து 40,000 ரூபாய் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் ரகசியம். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் என்னிடம் மாறியது அந்த நாற்பதாயிரம் மட்டும்தான். உடம்பில் தழும்பு கூடியிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல் எடுத்தார்களே, அதில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, கல்யாணம் ஆன பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29தான். படிப்பிலும் வேலையிலும் நாம்தான் முன்னே என்கிறோம், இதிலும் முன்னேதான் இருக்கிறோம். இந்தியா முழுக்க இப்படி அடிபட்டவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் சுமார் 14 சதவீதம். மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் மைக் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

இப்போது கணக்கைச் சொல்கிறேன், இது என் நோட்டில் இருக்கும் கணக்கு. பல்லாவரம், பம்மல் பக்கம் ஒரு ஹால், ஒரு சமையலறை, மாடிப்படிக்குக் கீழே பாத்ரூம். வாடகை 7,500. அட்வான்ஸ் 50,000 என்றார்கள், கெஞ்சி 40,000 ஆக்கினேன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை முன்கூட்டியே, அதில் 15,000. பழைய அடுப்பு, சிலிண்டர், இரண்டு பாய், பக்கெட், குண்டான், கரண்டி என்று 6,000. மொத்தம் 61,000. கரண்ட்டுக்குத் தனி மீட்டர் கிடையாது, ஓனர் சொல்கிற ரேட். அப்போது என் சம்பளம் 11,000. நகையெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள், எங்கே இருக்கும்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு சட்டம் இருக்கிறது என்று பிற்பாடு ஒரு வக்கீல் சொன்னார். 2017இல் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. அந்தத் தவிர என்கிற வார்த்தைக்குள்தான் சென்னையே குடியிருக்கிறது. சட்டம் பேசுகிறவளுக்கு ஓனர் வீடு கொடுக்க மாட்டார், பேசாதவளுக்கு ஐந்து மாதம், பத்து மாதம்.

பணம் பாதிக் கதைதான். வீட்டு ஓனர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களில் பாதிப் பேர் யாருக்காவது ஓனராகத்தான் இருப்பீர்கள். கேட்டைத் திறந்ததும் உங்கள் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" பிரிந்து இருக்கிறோம் என்று உண்மையைச் சொன்ன நான்கு வீட்டிலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான், "சொல்லி அனுப்புறோம்மா." ஒரு வீட்டில் அந்த அம்மா என்னைப் பார்த்து, எங்க வீட்லயும் வயசுப் பசங்க இருக்காங்க, புரிஞ்சுக்கோ என்றார். நான் என்னத்தைப் புரிந்துகொள்வது? ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்திருந்த மெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன், அவர் துபாயில் இருக்கிறார் என்றேன். வீடு கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, உங்க வீட்டுக்காரர் தீபாவளிக்குக்கூட வரலையே என்று ஆரம்பித்தார்கள், பொங்கலுக்குள் காலி செய்தேன்.

இப்போது இருக்கும் வீட்டின் ஓனர் ஒரு ரிட்டையர்டு டீச்சர். அவரிடம் நான் கதையை ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல மோட்டார் போடக் கூடாது, அது ஒன்னுதான் இந்த வீட்டு ரூல் என்றார். எதிர் வீட்டு ஆள் ஒருவர் என்னைப் பற்றி அவரிடம் ஏதோ விசாரித்தாராம், உன் தண்ணி பில்லு கட்டியாச்சா என்று இவர் திருப்பிக் கேட்டாராம். இந்த மாதிரி ஓனர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் இந்த மடலின் பாதியை அடித்துவிடலாம். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி அரசாங்கம் நடத்த முடியாது இல்லையா?

சட்டத்துக்கு வருகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபரில் அமலானது. வீடு யார் பேரில் இருந்தாலும் அந்த வீட்டில் வாழ மனைவிக்கு உரிமை உண்டு என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. அமலான இரண்டே மாதத்தில், மாமியார் பேரில் இருக்கும் வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதிலிருந்து 14 வருடம், புருஷன் குடியிருப்பது அப்பா பேரில் உள்ள வீடு என்றால் வக்கீல்களே கையை விரித்தார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு அப்பா உயிரோடு இருக்கும்போதே வீடு தன் பேருக்கு வருகிறது? 2019இல் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், மாமனார் வீடும்மா, ஒன்னும் பண்ண முடியாது என்று. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தப் பழைய தீர்ப்பு தப்பு என்றார்கள். நான் நவம்பரில் போனபோது, உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு, போன மாசம்தான் வழி திறந்திருக்கு என்றார் வக்கீல்.

வழி திறந்தது, ஆனால் எந்த வீட்டுக்குள்? தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, எத்தனையோ பெண்களை நடுரோட்டில் நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது. அடிக்கிறவனை வெளியே போகச் சொல்லவும் 19ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் வெளியே போனாலும் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் அதே வீட்டில்தானே இருப்பார்கள். எனக்கு அந்த வீட்டில் இருக்கும் உரிமை வேண்டாம், அந்த வீட்டில் இல்லாமல் இருக்கும் உரிமைதான் வேண்டும். அதற்கும் அதே 19ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அவள் வாழ்ந்த வீட்டுக்குச் சமமான வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லை அதற்கு வாடகை கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நான் கேட்டேன். மனு கொடுத்தால் முதல் வாய்தா மூன்று நாளைக்குள், 60 நாளைக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு இடைக்கால உத்தரவு கிடைக்க 14 மாதம் ஆனது. மாதம் 5,000 வாடகை. இரண்டு மாதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது, அதற்கு இன்னொரு மனு. சட்டம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அது நடந்து முடியும்வரை அவள் எங்கே உட்கார்ந்து காத்திருப்பாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

அரசு வீடு? அதையும் பார்த்தேன். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீட்டைப் பெண் பேரில் அல்லது பெண்ணையும் சேர்த்துத்தான் பதிய வேண்டும், நல்ல விதி. ஆனால் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள், அதில் யார் பேரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. விவாகரத்து இன்னும் ஆகவில்லை, அவர் பேரில் ஒரு வீடு இருக்கிறது என்றால், எந்த வீட்டிலிருந்து ஓடி வந்தாளோ அந்த வீட்டையே காட்டி உனக்குத்தான் வீடு இருக்கிறதே என்று சொல்கிற விதி அது. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. இப்படி ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கிராமத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட மூன்றரை லட்சம் கிடைக்கும், அதற்கு முதலில் சொந்தமாக இடம் இருக்க வேண்டும். பேக்கில் இரண்டு செட் துணியும் பிள்ளைகளின் ஆதாரும் எடுத்து வந்தவளிடம் பட்டா எங்கிருந்து வரும்?

உங்கள் தோழி விடுதிகளை வெளியிலிருந்து பார்த்து ஏங்கியிருக்கிறேன். அழகாகக் கட்டியிருக்கிறீர்கள். ஆனால் அவை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு கட்டில் கொடுக்கத்தான். இரண்டு பிள்ளை, ஒரு சாக்கு மூட்டை, நின்றுபோன வேலை என்று வந்து நிற்பவளை நினைத்துக் கட்டியவை அல்ல.

பீனா அகர்வால், பிரதீப் பண்டா என்று இரண்டு ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் கேட்டு 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிலமும் இல்லை, வீடும் இல்லை என்ற பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்ட நாளாக அடி வாங்கியவர்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் அது 18, வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. எனக்கு இதைப் படித்துக் காட்டியது ஒரு கல்லூரிப் பெண். கேட்டதும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அடிக்கிற கைக்குக் கணக்குத் தெரியும், இவளுக்குப் போக்கிடம் இல்லை என்று. போக்கிடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கும்போதே கொஞ்சம் யோசிக்கும்.

அதனால் என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டுகிற ஒவ்வொரு குடியிருப்பிலும் சில வீடுகளை இதற்கென்று வையுங்கள். தனி பிளாக் வேண்டாம், போர்டு வேண்டவே வேண்டாம், இது அந்தப் பொம்பளைங்க பிளாக் என்று ஆட்டோக்காரருக்குத் தெரிந்தால் அவள் புருஷனுக்கும் தெரியும். மற்றவர்களோடு கலந்து, மூன்றாம் மாடியில் ஒரு வீடு, ஆறாம் மாடியில் ஒரு வீடு என்று இருக்கட்டும். சும்மா கொடுக்க வேண்டாம், முதல் ஆறு மாதம் வாடகை இல்லாமல், அப்புறம் சம்பளத்துக்குத் தகுந்த வாடகை, இரண்டு வருடம். பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் பிள்ளைதான். கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டர் தள்ளி மட்டும் கொடுத்துவிடாதீர்கள், காலையில் ஏழு மணிக்கு மாவு பாக்கெட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள் ஐந்தரைக்குக் கிளம்பினால் பிள்ளைக்கு யார் தலை சீவி விடுவது?

கட்ட நாளாகும் என்றால் அதுவரை அட்வான்ஸ் பணத்தையாவது கொடுங்கள். கடனாகவே கொடுங்கள். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்துத் திருப்பி வாங்குவது நம் மாநிலத்துக்குப் புதிதா? பணத்தைத் துறையே ஓனரிடம் நேராகக் கட்டலாம், காலி செய்யும்போது துறைக்கே திரும்பி வரும், அடுத்தவளுக்குப் போகும். துறையின் பேரில் ஒப்பந்தம் என்றால் வீட்டுக்காரர் என்ன பண்றாரு என்கிற கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கும். ஒருத்திக்கு 40,000, 50,000. கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவள் மறுபடி மறுபடி வந்துபோக அரசுக்கு ஆகும் செலவை ஒரு பக்கம் எழுதி, இதை இன்னொரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

அப்புறம் காகிதங்கள். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, குடும்ப வன்முறைச் சட்டப்படி இருக்கும் பாதுகாப்பு அலுவலர், நடந்ததை எழுதி குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவு செய்திருக்கிறார் என்றால் அந்த ஒரு அறிக்கையையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு தனி ரேஷன் அட்டை, முகவரி மாற்றம், வீட்டுத் திட்டங்களில் தனிக் குடும்பம் என்ற அந்தஸ்து எல்லாம் கொடுத்துவிடலாம். இப்போது ஒவ்வொரு ஜன்னலிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது, எங்கே அடித்தார் என்பது உட்பட. பிள்ளைகளின் டிசி விஷயம் இன்னொரு தலைவலி. டிசி இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, ஆனால் புது ஸ்கூல் பழைய ஸ்கூலுக்குப் போன் போடும், பழைய ஸ்கூலில் விசாரித்து அப்பா புது ஸ்கூல் வாசலுக்கு வந்துவிடுவார். எனக்கு நடந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் உஷாரான ஆள் என்பதால் அன்றைக்குத் தப்பித்தோம். பிள்ளை எங்கே படிக்கிறது என்ற தகவலை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, கல்வித் துறையோடு பேசி, அனுப்ப முடியாதா?

மையத்தில் வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தச் சம்பளத்தில் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டு, தன் வீட்டிலேயே ஆயிரம் பிரச்சினையை வைத்துக்கொண்டு அடுத்தவள் கதையைக் கேட்டு அழுகிறவர்கள் அவர்கள். ஆறாம் நாள் ஒருத்தியை வெளியே அனுப்பும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கையில் கொடுத்து அனுப்ப அவர்களிடம் ஒன்றுமில்லை, ஒரு போன் நம்பரைத் தவிர.

என் கதை முடிந்துவிட்டது, வீடு இருக்கிறது, பையன் பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டான். இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த நாலைந்து வருடத்தில் என்னை மாதிரி வந்த பெண்களோடு வீடு பார்க்கத் துணைக்குப் போவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆகிவிட்டது. இதுவரை பதினோரு பேர். அதில் நான்கு பேர் வீடு கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். ஒருத்தியின் போன் இப்போது ஸ்விட்ச் ஆஃப்.

இப்போது ஒரு பெண் மையத்தில் இருக்கிறாள், 26 வயது, கைக்குழந்தையும் ஒரு நாலு வயசுப் பையனும். இன்று அவளுக்கு நான்காம் நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனகாபுத்தூர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறோம், மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை ரூம், வாடகை 5,500, அட்வான்ஸ் பேசிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். என்னிடம் 18,000 இருக்கிறது, மீதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று போனில் பேசும்போது அவள் கேட்டாள், "அக்கா, மெட்டியைக் கழட்டி பர்ஸ்ல வச்சிருக்கேன், வீடு பார்க்கப் போறப்ப மறுபடியும் போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பம்மல் பக்கத்திலிருந்து ஒருத்தி